மூவார் துறையில் ஒரு புட்டி சிவப்பு ஒயின்

மலாயாவில் மூவார் ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருக்கிறேன். பையில் சிங்கப்பூரில் வாங்கிய பிரெஞ்சுச் சிவப்பு ஒயின். இரண்டு மூன்று திராட்சை வகைகளைக் கலந்து செய்த மலிவுச் சரக்கு. துறையோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் செபஸ்தியான் காரைக்கால்காரர், பிரெஞ்சுக் கப்பலில் சமைத்தவர். அவர் வைத்த மீன்குழம்போடு ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். காரம் காதுவரை ஏறுகிறது.

"இதுக்குத் தொட்டுக்க என்னதாங்க நல்லா இருக்கும்?"

செபஸ்தியான் புட்டியை வாங்கி, அடுப்பில் கொதிக்கும் வாத்துக்கறியில் பாதி ஒயினை ஊற்றிவிடுகிறார்.

"ஐயோ, என்னங்க இது!"

"மொதல்ல வாத்து குடிக்கட்டுங்க. அப்புறம் நாம குடிக்கலாம்."

கறியில் மிளகாயே இல்லை, வெங்காயமும் பட்டையும்தான். கொதிக்கக் கொதிக்க வாசனை மாறுகிறது. அதற்குள் படகு சங்கு ஊதுகிறது.

"இதை விட்டா இனிமே சாயங்காலந்தான்" என்கிறார்.

எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறேன். வாத்து இன்னும் வேகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்கிறேன்.