மாடி ஜன்னலிலிருந்து வந்த வசனம்

ஐம்பதுகளில் புத்தூரில் எங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாடக மன்றம் நடத்தினோம். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். அந்த வருஷம் கல்யாணப்பெண் வேடத்தைப் பெண்ணான நானே போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மன்றம் சம்மதித்தது. ஒத்திகைக்குக் கொட்டகை கொடுத்திருந்த வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

"குடும்பப் பொண்ணு கூத்தாடுறதுக்கு என் இடம் கிடையாதுங்க" என்று பூட்டிவிட்டார். நாடகப் பிரதியும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அவர் மனைவிதான் தூண்டிவிட்டிருப்பார் என்று நினைத்தேன். எங்கள் ஒத்திகையை மாடி ஜன்னலிலிருந்து சிரிப்பே இல்லாமல் பார்ப்பார் அந்த அம்மாள்.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்கு எதிரே, நடுத்தெருவிலேயே ஒத்திகையைத் தொடங்கினோம். கூட்டம் கூடிவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் நின்று முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும் என்று பேசிக்கொண்டே போனேன். கல்யாணப்பெண் தன் அப்பாவை எதிர்த்துப் பேசும் இடத்தில் வசனம் மறந்துவிட்டது. வீட்டுக்காரர் சிரித்தார்.

அப்போது மாடியிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"என்னைக் கேட்காமல் என் கல்யாணத்துக்கு நாள் குறிக்க நீங்கள் யார்?"

அந்த அம்மாள்தான். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார்.

"உள்ள போடி!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"உள்ளதாங்க இருக்கேன்" என்றவர், என்னைப் பார்த்து, "நீ மேல பேசும்மா" என்றார்.

பேசினேன். மறந்த இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுத்தார். பூட்டு திறக்கவே இல்லை. நாடகத்தையும் அந்தத் தெருவிலேயே போட்டோம்.

இன்றும் யாராவது, "இதெல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பிடிக்காதுங்க" என்றால், நான் சொன்னவர் வீட்டு மாடி ஜன்னலைத்தான் அண்ணாந்து பார்க்கிறேன்.