தாளம் தெரியாத மதி எழுதிய தாளக் கணக்கு

திருவதிகையில் உறவுக்காரக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்காகக் காத்திருந்தபோது இந்திரா அக்காவின் அழைப்பு வந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எச்சில் கையோடு மண்டபத்துக்கு வெளியே வந்து போனைக் காதில் வைத்தேன். "கல்பனா, மதி போயிட்டாண்டி. காலையில நெஞ்சு வலின்னானாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிகினே வந்தானாம்" என்றார். நான் பந்திக்குத் திரும்பவில்லை. பண்ருட்டி சாலையில் வந்த முதல் பேருந்தில் ஏறிவிட்டேன்.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பின் பிளாக்குக்காரர்கள். மதியழகனுக்காக அழுது தீர்த்துவிட்டீர்கள். நானும் அழுதேன். இனி அழ எனக்கு விருப்பமில்லை. அழுமூஞ்சிகளைக் கண்டால் அவனுக்கும் ஆகாது. அவன் ஜெயித்த கதை ஒன்று எனக்கு முழுதாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நாங்கள் இருவரும் டவுன்ஷிப் பள்ளியில் ஒரே வகுப்பு. குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகையில் மேளம் இடது என்றால் மதியின் வலது கால் முன்னால் வரும். சரி, வலதுக்கு இடது வருமா என்றால் அதுவும் வராது. அவனுக்குப் பின்னால் நடந்த வரிசை முழுவதும் குழம்பி ஒருவர் குதிகாலை ஒருவர் மிதித்தோம். விளையாட்டு ஆசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவனைக் கொடிக்கம்பத்தடியில் சும்மா நிற்கச் சொன்னார். அன்று மாலை அவன் வீட்டில் போய், "என்னைக் கொடிக்குக் காவல் போட்டிருக்காங்க" என்று சொல்லிக் கேசரி வாங்கித் தின்றான். அவமானத்தைக்கூட இனிப்பாக்கித் தின்னத் தெரிந்தவன்.

பிறகு படிப்பு, சென்னை வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போனோம். அவன் அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டினார்கள்; மதியும் அங்கே வந்துவிட்டான். நான் சுரங்கத்தில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கே திரும்பினேன். இருவருக்கும் வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மதி பைக்கில் வந்து எங்கள் கூடத்தில் கணினியை விரித்துவிடுவான். அப்படி ஒரு ஞாயிறு, இந்திரா அக்காவின் கோலாட்டக் குழு எதிர்ப்புறத் திடலில் ஆடிக்கொண்டிருந்தது. இந்திரா அக்கா கணக்கு டீச்சர். அவர் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மதி திடீரென்று, "இத ஒரு கேமா பண்ணலாம் கல்பனா" என்றான். தாளமே தெரியாத நீயா என்று சிரித்தேன். "தாளம் தெரிஞ்சவங்களுக்குத் தானா வந்துடும், எங்க தப்புதுன்னு பாக்கவே மாட்டாங்க. எனக்கு எல்லா எடத்துலயும் தப்பும். நான்தான் இதுக்குச் சரியான ஆளு" என்றான்.

விளையாட்டு எளிமையானதுதான். அக்காவின் குழு பாடி ஆடியதைப் பதிவு செய்துகொண்டோம். போன் திரையில் வலம் ஒன்று, இடம் ஒன்று என இரண்டு கோல்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வந்து கோலின் நுனியைத் தொடும். தொடும் நொடியில் நாம் திரையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் 'சபாஷ்'. முந்தினால் 'அவசரம்'. பிந்தினால் 'தாமதம்'. படம் வரைவது என் வேலை. எப்போது தட்டினார்கள் என்று அளப்பதும் மதிப்பெண் போடுவதும் அவன் வேலை. விரல் பட்ட நொடியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அடுத்த படம் திரையில் வரும் நொடியை அல்ல என்று அவன் கறாராக இருந்தான். இரண்டுக்கும் கண்ணிமைக்கும் நேரம்கூட வித்தியாசம் இருக்காதே என்றேன். "அந்த இமைக்கிற நேரத்துலதான் சபாஷும் இருக்கு, தப்பும் இருக்கு" என்றான். விட்டுவிட்டேன். பிடித்த பிடியை விடுகிற ஆளா அவன்?

தீபாவளி முடிந்து கிளப் அரங்கில் முதல் முறையாகக் காட்டினோம். போனில் ஆடுவது பெரிய திரையில் தெரியும். நல்ல கூட்டம். முதல் ஆட்டம் இந்திரா அக்காவுடையது. முதல் சரணத்தில் எல்லாம் சபாஷ். இரண்டாம் சரணத்தில் ஒன்றிரண்டு 'அவசரம்' எட்டிப் பார்த்தது. கடைசிச் சரணத்தில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் அவசரம், அவசரம், அவசரம். கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் இருந்த அக்காவின் கணவர் எழுந்து, "கட்டிக்கின நாள்லேந்து நான் சொல்றத இன்னிக்கு மிஷினே சொல்லுது பாருங்க!" என்றார். அரங்கம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஆடிய மதி முழு மதிப்பெண் வாங்கினான். அணிவகுப்பில் கால் மாற்றி வைத்த அதே மதி! அக்கா எழுந்தார். "பொங்கலுக்கு வேற யாரையாவது முன்னாடி நிக்கச் சொல்லுங்க. நான் அவசரக்காரியாம்" என்று சொல்லிப் போய்விட்டார். எங்கள் பிளாக்கில் கோலாட்டம் என்றாலே அவர்தான். நாங்கள் செய்த பொம்மை ஒன்று, அவர் ஊரறிய ஆடிவந்த ஆட்டத்தைத் தப்பு என்று சொல்லிவிட்டது.

வளையங்கள் எல்லாம் ஒரே அளவு பிந்தி வருகின்றன, அதுதான் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன். அடிகளுக்கு வைத்த நேர அடையாளங்களை எல்லாம் மொத்தமாகக் கொஞ்சம் முன்னால் தள்ளினோம். முடிவு ஓரளவு சரியானது. ஆனால் நன்றாக இருந்த தொடக்கத்தில் 'தாமதம்' வந்தது. பின்னால் இழுத்தால் பழைய கதை. தலையை மூடினால் கால் தெரிகிற போர்வையாக இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "சபாஷுக்கான இடைவெளியை அகலமாக்கிடு மதி. அக்கா எப்படித் தட்டினாலும் சபாஷ் வரட்டும். அவங்களும் சமாதானம் ஆயிடுவாங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "அவங்களுக்குப் பிச்ச போடச் சொல்றியா? அவங்க சரியாத்தான் அடிக்கிறாங்க, அத நாம நிரூபிக்கணும். தப்பா அடிக்கிறவனும் சபாஷ் வாங்குனா, அப்புறம் அந்த சபாஷுக்கு என்ன மரியாத?" என்றான்.

அடுத்த ஞாயிறு காலையில் இட்லித் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டே அவன் பதிவு செய்த ஒலியைப் படமாக்கித் திரையில் விரித்தான். கோல்கள் மோதும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு வேலிக்கம்பு மாதிரி எழுந்து நின்றது. என் பெண்ணின் பள்ளிப் பையிலிருந்து அளவுகோலை எடுத்துத் திரைமேல் வைத்து, முதல் சரணத்தில் இரண்டு கம்புக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தான். பிறகு கடைசிச் சரணத்தில் அளந்தான். இட்லித் தட்டைக் கீழே வைத்தான். "கல்பனா, இந்தப் பாட்டு ஓடுது!" என்று கத்தினான்.

அவ்வளவுதான் விஷயம். முதல் சரணத்தில் அடிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியை எடுத்து, அதையே பாட்டு முழுக்கச் சீராக நட்டு வைத்திருந்தான். பாட்டோ போகப் போக வேகமெடுத்திருந்தது. நானோ சோதிக்கும்போது முதல் சரணத்தைத் தாண்டி ஒரு தடவைகூட ஆடிப் பார்த்ததில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. சரி, இவன் எப்படி முழு மதிப்பெண் வாங்கினான்? கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டான். "நான் எங்க பாட்டக் கேட்டேன்? வளையத்தப் பாத்துகினே தட்டுனேன். வீட்லகூட சத்தத்த அணைச்சிட்டுத்தான் ஆடுவேன்" என்றான். காதால் ஆடிய அக்கா தோற்க, கண்ணால் ஆடியவன் மட்டும் ஜெயித்திருக்கிறான். நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

உடனே இந்திரா அக்கா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த முகத்தில் சிரிப்பில்லை. "அக்கா, கடைசில பாட்டு வேகமாப் போவுமா?" என்று மதி கேட்டான். "போவாம? கோலாட்டம்னா கடைசில ஓடணும்டா. நடந்துகினே இருந்தா அதுக்குப் பேரு பஜனை. இதுகூடத் தெரியாமத்தான் எனக்கு மார்க் போட வந்தியா?" என்றார் அக்கா. மதி கையெடுத்துக் கும்பிட்டான். "தெரியாமத்தான் போட்டேன். பொங்கலுக்கு ஒரே ஒரு தடவ ஆடுங்க. நீங்க சரியா அடிச்சு அது தப்புன்னு சொல்லிச்சுன்னா, மேடையிலயே எல்லார் முன்னாடியும் கேம அழிச்சிடறேன்." அக்கா கதவை முழுதாகத் திறந்து, "காபி குடிக்கிறீங்களா?" என்றார். அதுதான் சம்மதம் என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

மேடையில் அழிப்பதாகச் சொன்னது வாய்வார்த்தை இல்லை. அவன் அப்படித்தான். மார்கழி முழுவதும் அதே வேலையாக இருந்தான். சீரான இடைவெளியைத் தூக்கி எறிந்துவிட்டு, கோல் மோதிய ஒவ்வொரு இடத்திலும் ஓர் அடையாளம் வைத்தான். பல பேர் கோல் ஒரே நொடியில் விழாதே, அங்கெல்லாம் நடுப்புள்ளியைத் தேடி வைத்தான். கடைசியில் அடிகள் நெருங்கும்போது ஒரே தட்டு இரண்டு அடிக்கும் கணக்காகிவிடக் கூடாது என்பதற்காக, இடைவெளி குறையக் குறைய சபாஷின் அகலத்தையும் குறைத்தான். அப்படியானால் அக்காவுக்குக் கடைசிச் சரணம் இன்னும் கடினமாகுமே என்று கேட்டேன். "ஆவட்டும். அவங்களால முடியும்" என்றான்.

காணும் பொங்கல் அன்று மாலை. கிளப் அரங்கில் உட்கார இடமில்லை. அக்கா பட்டுப்புடவையில் மேடையேறிப் போனை மேஜையில் வைத்து, இரு கைகளையும் தயாராக வைத்துக்கொண்டார். முதல் சரணம் சபாஷ். இரண்டாம் சரணம் சபாஷ். கடைசிச் சரணம் தொடங்கியது. பாட்டு ஓடியது. வளையங்களும் ஓடின. அக்காவின் விரல்களும் ஓடின. சபாஷ், சபாஷ், சபாஷ்! குழுப் பெண்கள் கீழே நின்று கைதட்டித் தாளம் போட்டார்கள். அடி ஒன்றுகூட விடாமல் பாட்டு முடிந்தபோது எழுந்த கூச்சல் மெயின் பஜார் வரை கேட்டிருக்கும். அக்காவின் கணவர் மேடைக்கு ஓடிவந்து, "மிஷினு திருந்திடுச்சு, நானும் திருந்திட்டேன்" என்று பெரிய கும்பிடு போட்டார். அக்காவின் கண்ணில் நீர் நின்றது. நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா போனை மதியிடம் நீட்டினார். "இப்ப நீ அடிடா. சத்தத்தோட." அவன் மறுக்கவில்லை. ஆனால் இம்முறை கண்ணை மூடிக்கொண்டான். பாட்டைக் காதால் கேட்டு ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை போலிருக்கிறது. தாமதம். அவசரம். தாமதம். தாமதம். எங்கோ நடுவில் ஒரே ஒரு சபாஷ், அதுவும் தெரியாமல் விழுந்தது. மக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆடி முடித்துக் கண்ணைத் திறந்து மதிப்பெண்ணைப் பார்த்தவன், இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு மேடை முழுக்கக் குதித்தான். "பாத்தீங்களா! பாத்தீங்களா! இப்பதான் கேம் சரியா வேலை செய்யுது!" கோப்பை வாங்கிய ஆட்டக்காரன்கூட அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பின் அந்த விளையாட்டை எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் ஆடுகிறார்கள். எங்கள் பிளாக்குக்கென்று அதில் ஒரு தரவரிசை உண்டு. மேலே இந்திரா அக்கா. அடியில் மதியழகன். அவனைவிட மோசமாக இதுவரை யாரும் ஆடவில்லை.

அவன் காரியத்தன்று முத்தாண்டிக்குப்பத்து வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். குழுப் பெண்களில் ஒருத்தி நல்ல மனதோடுதான் சொன்னாள்: அவன் நினைவாக அவன் பெயரை முதலிடத்துக்கு மாற்றிவிடலாமே, அக்காவும் விட்டுக்கொடுப்பார். அக்கா சட்டென்று சம்மதமாகத் தலையாட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாற்றுவது எனக்கு ஒரு நிமிட வேலை. நான் பதில் சொல்வதற்குள் மதியின் அம்மா பேசினார். "வாணாம்மா. அன்னிக்கு வூட்டுக்கு ஓடியாந்து, 'அம்மா, நான்தான் கடைசி'ன்னு என்னைத் தூக்கிச் சுத்துனாம்மா. எங்க வூட்ல யாரும் அப்படிச் சந்தோசப்பட்டு நான் பாத்ததில்ல."

மதியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் கடைசி இடத்தைத்தான். யாராவது அவனைவிட மோசமாக ஆடி அவனை மேலே தள்ளும் வரை, அவன் பெயர் அங்கேயே இருக்கும்.