சித்தப்பா படித்த கடைசி டிசைன்

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்றால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று அந்த வயதில் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஐந்தாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்தில் நான்தான் முதல். எங்கள் தெருவில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பதால் தலைக்கனத்துக்கும் குறைவில்லை. அந்தத் தலைக்கனம் எங்கள் வீட்டை என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கம்ப்யூட்டர் விளையாட வாங்கியதல்ல. பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் போட்டுத் தருவது எங்கள் வீட்டுத் தொழில். சித்தப்பா திரையில் கட்டம் கட்டமாக மயிலும் அன்னமும் வரைவார். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை அடிக்க வேண்டும். அட்டை தறிமேல் ஏறி, எந்த இழையைத் தூக்குவது என்று தறிக்குச் சொல்லும். அடிக்கிறவர் கண் அட்டையிலேயே இருக்க வேண்டும் என்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "மூணு அடி, ரெண்டு விடு, ஒண்ணு அடி" என்று படித்துக்கொண்டே இருப்பது வழக்கம். சித்தப்பாவுக்கு ஓர் இடத்தில் உட்காரும் பொறுமை ஏது? மைக்கில் மொத்தத்தையும் படித்துப் பதிவு செய்து வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார். சித்தி ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு அடிப்பாள். நடுநடுவே, "ஏய், தூங்கிட்டியா? போய் காப்பி குடிச்சிட்டு வா" என்று அவளுக்கென்றே ஒரு வரி வரும். அவள் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஓர் ஐப்பசி மாதம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கொட்டுகிற மழையில் வாலாஜாபாத் போன சித்தப்பா பைக்கோடு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

அன்று காலையில்தான் சித்தியும் அவரும் சண்டை போட்டிருந்தார்கள். தீபாவளிக்கு மாகறலில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று ஒன்றுமில்லாத சண்டை. சித்தி கோபமாக ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அம்மா மார்க்கெட்டில். வீட்டிலிருந்தது அப்பா மட்டும்தான். "யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம கெளம்பிட்டாம்பா" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. பெண்டாட்டி தொல்லை தாங்காமல் கண்மண் தெரியாமல் ஓட்டினான், அநியாயமாகப் போனான் என்றார்கள். சித்தி காதுபடவே சொன்னார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. அவளே அப்படித்தான் நம்பினாள்.

துக்க வீட்டில் டிவியே போடவில்லை. அதனால், "ஸ்பீக்கர் பூடுச்சி" என்று அப்பா சொன்னபோது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பாதியில் நின்ற டிசைனை முடித்தாக வேண்டும். அப்பா திரையைப் பார்த்துப் படிக்க, சித்தி தலை நிமிராமல் அடித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. அப்பா சாயம் போடும் இடத்துக்குப் போயிருந்தார், அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சித்தி என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா, அவரு அன்னிக்குப் படிச்சது இதுல இருக்குது. ஒரே ஒரு தரம் கேக்கணும். உனுக்கு சரி பண்ணத் தெரியுமா?"

"எதுக்கு சித்தி?"

"சண்ட போட்டதுக்கு அப்பறம் படிச்சது அது, நேரம் போட்டிருக்குது. கோவமா இருந்தாரா இல்லியான்னு கொரல கேட்டா எனுக்குத் தெரிஞ்சிடும்."

எனக்குத் தெரியுமாவாவது! பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினேன். திரையின் மூலையில் சின்ன ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக்கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் குறைத்து வைத்தால் எதுவும் கேட்காது. ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியானால் உயிர் இருக்கிறது. அணைத்துப் போட்டேன், வரவில்லை. கடைசியில் மேஜைக்கு அடியில் புகுந்து பெட்டியின் முதுகைப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஒயர் ரோஸ் கலர் துளையில் செருகியிருந்தது. அது மைக்குக்கு உரியது, ஸ்பீக்கருக்குப் பச்சை. இதுகூடத் தெரியாத முட்டாள் யார் என்று நினைத்துக்கொண்டே பிடுங்கிப் பச்சையில் செருகி, பதிவை ஓடவிட்டேன்.

சித்தப்பா வந்துவிட்டார்.

"நாலு அடி, ஒண்ணு விடு." குரலில் கோபமே இல்லை. வழக்கமான அவசரம்தான். சித்தி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்துப் பதினைந்து வரி போனதும், "ஏய் மாகறல்காரி, ரொம்ப மொறைக்காத. தீபாவளிக்கு உங்கம்மா ஊட்டுக்கே போலாம். மூணு அடி, ரெண்டு விடு" என்று வந்தது. சித்தி அழுதுகொண்டே சிரித்தாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் களை வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் கதவு திறக்கும் சத்தம். அப்பாவின் குரல்.

"இன்னும் கெளம்பலியா நீ? அடிச்ச அட்டைய வாலாஜாபாத்ல குடுத்துட்டு வாடா. தறிய நிறுத்திக்கினு ஒக்காந்திருக்கான் அந்த நெசவுக்காரன்."

"ரெக்கார்ட் ஆவுதுண்ணா. பைக்குல பிரேக் புடிக்கல, மழ உட்டதும் போறேன்."

"சாக்கு சொல்லாத. எழுந்து போடா இப்பவே!"

நாற்காலி நகர்ந்தது. "சரி, போறேன், கத்தாத" என்றார் சித்தப்பா. அத்தோடு பதிவு முடிந்தது.

திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முழுச் சத்தத்தில் வைத்திருந்தேனே, தெருமுனையிலிருந்தே கேட்டிருக்கும். தண்ணீர்க் குடத்தோடு அம்மாவும், அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். பாராட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நானே சொன்னேன்.

"ஸ்பீக்கர் பூடலப்பா. யாரோ ஒயர மாத்தி சொருகிட்டாங்க. நான்தான் சரி பண்ணேன்."

சித்தி எழுந்து நின்று அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"பிரேக் இல்லன்னு சொன்னாரே மாமா?"

மறுநாள் சித்தியின் அண்ணன்கள் மாகறலிலிருந்து வந்து அவளை அழைத்துப் போனார்கள். அதன்பிறகு அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. சொந்தக்காரர்களும் அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி என்று பிரிந்துவிட்டார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. என்னோடு கண்ணைப் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். நான் செய்த தப்பு என்ன என்று பல வருஷம் யோசித்தேன். பெரியவளானதும் தப்பு அவருடையது என்று தீர்ப்பு எழுதி, நானும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அப்பா இறந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வேலை முடிந்த டிசைன்களையும் பதிவுகளையும் மாதாமாதம் கம்ப்யூட்டரிலிருந்து அழிப்பது அப்பாவின் வேலை. எப்படி அழிப்பது என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தரம் அமுக்கியிருந்தால் போதும். சித்தி சாகும்வரை தன்னையே நொந்துகொண்டு கிடந்திருப்பாள், அவர் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். பதினெட்டு நாளும் அந்தப் பதிவு அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒயரை மாற்றிச் செருகியதோடு சரி, அழிக்க அவரால் முடியவில்லை. அது அவர் தம்பியின் குரல்.