நிரஞ்சனி சாப்பிட்டது

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் அந்த அறையில் இருந்தேன். பட்டப்பகல். குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை. படுக்கையில் என் தங்கை நிரஞ்சனி. வயது இருபத்திரண்டு. சாப்பிடுவாள், பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பாள். இரண்டு வருடப் பழக்கம். பெட்டாலிங் ஜெயாவில் ஸ்ருதி என்ற தோழியோடு வாடகை அறையில் இருந்தாள். உடம்பில் பொட்டாசியம் வற்றி, அந்த வீட்டுப் படியிலேயே இதயம் நின்றது. கீழ்வீட்டுக்காரர் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றினார்.

ஒரு வாரமாகியும் பொட்டாசியம் நிலைக்கவில்லை. மருந்து ஏற்றினால் ஏறும். அவள் சாப்பிட்டால் இறங்கும்.

டாக்டர் சீவரத்தினம் என்னை வெளியே அழைத்தார்.

“உங்க தங்கச்சி இங்கயும் வாந்தி எடுக்குதும்மா. இன்னொரு தடவ நின்னா கஷ்டம். கூடவே இருந்து பாருங்க.”

பார்த்தேன். தலையணை உறையைத் துழாவினேன். குப்பைத் தொட்டியைக் கிளறினேன். அவள் விரல்களை முகர்ந்தேன்.

“நீ என்ன போலீஸா லா?” என்றாள்.

“வாயத் திற.”

“நான் எடுக்கலக்கா. சாமி சத்தியமா. எனக்குச் சாகப் பயமா இருக்கு.”

நான் நம்பவில்லை. ஸ்ருதி மீதும் சந்தேகம். உயிர்த்தோழி, ஆனால் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மதியம். சோறு, கீரை, ஒரு வாழைப்பழம். கண்ணெடுக்காமல் பார்த்தேன். எல்லாவற்றையும் விழுங்கினாள். படுத்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று முப்பது.

கழிப்பறைக்குள் யாரோ இருமினார்கள்.

பிறகு ஓங்கரிப்பு. தண்ணீரில் ஏதோ விழும் சத்தம். மறுபடியும்...

மணிக்கட்டு என் கையில்தான் இருந்தது.

“யாரு உள்ள?”

குழாய் திறந்தது. நின்றது.

கதவைத் தள்ளினேன்.

யாரும் இல்லை.

கழிப்பறைப் பீங்கானில் சோறு. கீரை. மென்ற வாழைப்பழம்...

“வயிறு காலியாயிடுச்சுக்கா,” என்றாள் நிரஞ்சனி. “ஸ்ருதிய நிறுத்தச் சொல்லு.”

அம்மாவுக்கு போன் செய்தேன்.

“ஸ்ருதி எங்கம்மா?”



“ஞாயித்துக்கிழமையே செத்துப் போயிட்டா. இவளுக்கு இதயம் தாங்காதுன்னு மறைச்சோம். உனக்குச் சொன்னா நீ உளறிடுவே.”

நான் மறைக்கவில்லை. தங்கையிடம் சொன்னேன்.

அவள் அழவில்லை.

“நாங்க சத்தியம் பண்ணியிருந்தோம்கா. ஒருத்தியால முடியலன்னா, அவளுக்காக இன்னொருத்தி வாந்தி எடுக்கணும்னு.”

மருந்து தொங்கும் கம்பத்தை இழுத்துக்கொண்டு கழிப்பறை வாசலுக்குப் போனாள்.

“நான் சாப்பிடப்போறேன்டி. எனக்காக எடுக்காத. போ.”

உள்ளே குழாய் திறந்தது.

வெகுநேரம் ஓடியது.

நின்றது.

அன்று மாலையிலிருந்து பொட்டாசியம் ஏறியது. இறங்கவே இல்லை. டாக்டர் என்னைப் பாராட்டினார்.

வீடு திரும்பியதும், சுங்கை வேயில் ஸ்ருதியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மகள் அந்த வீட்டில்தான் இறந்தாள் என்றார். அவளுக்கும் இதயம்தான்.

“நிரஞ்சனி விழுந்ததும் இவ இங்க வந்துட்டா, அதுலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. ஆனா சனிக்கிழம மத்தியானம் தொடங்குச்சு பாரு... வாழப்பழமா வாந்தி. விடிய விடிய. எங்க வீட்ல வாழப்பழமே இல்லம்மா.”

இதயம் நின்ற பிறகு நிரஞ்சனி முதன்முதலில் சாப்பிட்டது அந்தச் சனிக்கிழமை மதியம்.

வாழைப்பழம். நான்தான் ஊட்டினேன்.