ஒரு தொண்டையில் இத்தனை காய்ச்சல்

பொய்யாகக் காய்ச்சல் சொல்வதும் ஒரு உத்தியோகம்தான். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் அந்த வேலைக்குப் போனேன். கொரோனாக் காலத்தில் எந்த நம்பருக்கு எடுத்தாலும் ‘பிறகு எடுங்கோ’ கேட்டுக் களைத்தவர்களே, சிரிப்பு இருக்கிறது, கட்டாயம் தருவேன். ஆனால் இப்போது இல்லை. முதலில் ஒரு கேள்வித்தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கும் முதல் என்னை வேலைக்கு எடுத்த சேரைப் பற்றி.

ஆள் எடுத்த விதம்

அடுத்த பெருந்தொற்று வரும்போது கைவிரிக்காமல் இருக்கவென்று பல நாடுகள் சேர்ந்து ஒரு நிதி வைத்திருக்கின்றன. அதில் ஒரு துளி மன்னார்வரை வந்து ஒரு தொலைபேசி லைனாக நின்றது. எங்கே புதுவிதக் காய்ச்சல் என்றாலும் எடுத்துச் சொல்லலாம். மறுமுனையில் எடுத்து விசாரிப்பவர் ரஜனி அக்கா. அவர் சரியாக விசாரிக்கிறாரா என்று பார்க்க, அவருக்குத் தெரியாமல் ஒரு பொய் நோயாளி வேண்டுமாம்.

திட்டத்துக்குப் பொறுப்பான சேர் நேர்முகத்தில் என்னிடம் கேட்டு முடித்ததும், நான் கதவு மறைவில் நின்று, வெளியே காத்திருந்தவர்களுக்குச் சேரின் குரலிலேயே, “எல்லாரும் போகலாம், ஆள் எடுத்தாச்சு” என்றேன். பாதிப்பேர் எழும்பிவிட்டார்கள். சேர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “ஆள் எடுத்தாச்சுத்தான், பிள்ளை. ஆனா இனி என்ர குரலில ஒரு முடிவும் எடுக்காதை.”

வெளிநாடு போனீங்களா?

கேள்வித்தாளில் அக்கா கேட்கவேண்டியவை ஐந்து. எத்தனை நாள் காய்ச்சல், இருமல் இருக்கா, வெளிநாடு போனீர்களா, அயலில் பறவை மிருகத்துக்கு நோய் வருத்தமா, வீட்டில் எத்தனை பேர். கேட்காத கேள்விக்கு மார்க்ஸ் இல்லை. மார்க்ஸ் குறைந்தால் லைன் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும், அக்காவின் வேலையும் அதோடு போகும்.

முதல்நாள் நான் முள்ளிக்குளத்துக் கடற்தொழிலாளி. வெளிநாட்டுக் கேள்வி வந்ததும், தொண்டையைக் கரகரப்பாக்கி, “கடலில கோடு கீறியே வச்சிருக்கு, பிள்ளை? வலை எங்க இழுபட்டுப் போச்சுதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றேன். அக்கா சளைக்கவில்லை. “அப்ப நான், ‘ஐயா போகேல்லை, வலை போனது’ எண்டு எழுதுறன்.”

இருமிய கழுதை

அடுத்த கிழமை நான் மன்னார்ச் சந்தையில் மீன் விற்கும் மனுசி. நாலாம் கேள்விக்கு, “பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கழுதை இருமுது மகள்” என்று விட்டேன். சும்மா பொழுது போகத்தான்.

அக்கா போனை வைத்த கையோடு மிருக வைத்தியருக்கு எடுத்திருக்கிறார். அவர் மத்தியான வெயிலில் கழுதை கழுதையாகக் காது கொடுத்துத் திரிந்திருக்கிறார். சேர் என்னைக் கூப்பிட்டார்: “இல்லாத கழுதைக்கு இருமல் குடுத்திட்டாய். தெரு முழுக்கக் கழுதை திரியிற மன்னாரில எந்தக் கழுதையெண்டு அந்த மனுசன் தேடுறது?”

வந்தவர்கள் முன்னால்

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொய்யையே இப்படித் தேடுகிற மனுசி தோற்கக்கூடாது. பணம் கொடுக்கும் நாடுகளிலிருந்து இரண்டு பேர் லைனைச் சோதிக்க வந்து, மொழிபெயர்ப்பாளரோடு அக்காவின் பக்கத்தில் அமர்ந்தார்கள். போன் ஸ்பீக்கரில். நான் வெளியே, சேரின் வாகனத்துக்குள்ளே.

அக்கா “வணக்கம்” என்றதுதான் தாமதம், வயற்காரக் கிழவரின் குரலில் கொட்டினேன்: “மூண்டு நாள் காய்ச்சல், இருமல் இருக்கு, வெளிநாடு போகேல்லை, ஆடு மாடு கோழி எல்லாம் சுகம், வீட்டில அஞ்சு பேர்!”

ஐந்து பதிலும் சொல்லியாச்சு, ஐந்து கேள்வியும் போச்சு. அக்காவின் வேலையை நானே தின்றுவிட்டேன்.

பிறகு நிதானமாக ஒரு குரல்: “ஐயா, மூச்சு விடுங்கோ. நான் முதலிலயிருந்து கேக்கிறன், கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ.” ஒன்றையும் விடாமல் ஐந்தையும் கேட்டார். முனகி முனகிச் சொன்னேன். ‘முழு மார்க்ஸ்’ என்று உள்ளே நின்ற சேரிடமிருந்து மெசேஜ் வந்தது. கதிரைகள் இழுபடும் சத்தம், வந்தவர்கள் வெளியேறும் சத்தம். நான் போனை வைக்கப்போக, அக்கா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: “கேள்வித்தாளைப் பாடமாக்கிக்கொண்டு ஒருத்தருக்கும் காய்ச்சல் வாறேல்லை. இதுவரைக்கும் எடுத்த ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா உள்ளுக்கு வாரும். ஒரு கதிரை போட்டாப் போதும்தானே?”

ஊர் முழுக்கக் காய்ச்சல் கொடுத்த எனக்கு, உண்மையாக வேர்த்தது அந்த ஒருதரம்தான்.