எட்டாவது பெயர்

கல்லூரி நூலக உதவியாளரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஊரில் மூன்று அச்சகங்கள் கதவடைத்துவிட்டன. சரி, மூன்று கொஞ்சம் அதிகம்தான். ஒன்று, அதுவும் முதலாளிக்கு முழங்கால் வலி வந்ததால். ஆனாலும் கல்லூரியில் முதல்வர் முதற்கொண்டு எல்லாரும் அவரை 'முத்தெழுத்தார்' என்றுதான் கூப்பிட்டார்கள். வினையும் அந்த எழுத்தால்தான் வந்தது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, எங்கோ நடந்த போரை எதிர்த்து ஏழு மாணவர்கள் நூலகப் படிக்கட்டில் கால் மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். பெருக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, தூணோரமாக அவளும் போய் நின்றாள். நிற்கிறவர்கள் பெயரை எழுதிவரச் சொல்லி முதல்வர் அனுப்பியது முத்தெழுத்தாரை. எட்டுப் பெயர்கள், ஒரு சுழி பிசகவில்லை. மாணவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளுக்குக் கடிதமெல்லாம் எதற்கு? "நாளையிலேர்ந்து வராதே" என்ற வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது.

அன்றைக்கு யாரோ எடுத்த படத்தில் ஏழு மாணவர்களுக்குப் பக்கத்தில், தாளும் பேனாவுமாக முத்தெழுத்தாரும் விழுந்திருந்தார். தூண் மறைத்ததால் அவள் விழவில்லை. அந்த ஏழு பேர் தொடங்கியது, 'அமைதி, சமூக நீதிக் குழு' என்று பெயர் வைத்துக்கொண்டு வளர்ந்தது. "முதல் நாளே நம்மோட நின்னவர்" என்று அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. அவர் மறுக்கவில்லை. புதன்தோறும் அவர்கள் பிடித்து நிற்கும் பதாகைகளை எழுதிக் கொடுத்தார். எத்தனை நீதியை எழுதினாலும் விரலிடுக்கில் பழைய மை அப்படியே இருந்தது.

குழுவின் வெள்ளிவிழாவன்று மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "கேடயத்த வாங்கிட்டு வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. சொல்றதுன்னா அங்கேயே சொல்லிடுங்க."

"காறித் துப்புவாங்கடி."

"துப்பட்டுமே. இன்னொரு சட்டையும் தேய்ச்சு வெச்சிருக்கேன்."

அரங்கில் அந்தப் படம் சுவர் உயரத்துக்குத் தொங்கியது. துப்புரவுப் பணியாளர்களையும் குழுவில் சேர்ப்பதென்று அந்த வருஷம்தான் முடிவாகியிருந்தது; கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

முத்தெழுத்தார் மைக்கைப் பிடித்தார். "நான் உங்களோட நிக்க வரலை. பேர் எழுத வந்தவன். ஏழு பேரையும் காட்டிக் கொடுத்தது நான்தான்."

மேடையிலிருந்த பேராசிரியை, அந்த ஏழு பேரில் ஒருத்தி, கலகலவென்று சிரித்துவிட்டாள். "அட போங்கண்ணே! அந்தக் கடிதத்தக் கண்ணாடி போட்டு வீட்ல மாட்டியிருக்கேன். எனக்கிருக்கிற ஒரே வீரச்சான்று அதுதான்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அவருக்குக் காதுமடல் எரிந்தது. 'ஏழு' என்னும்போதே நாக்கு தடுக்கியிருந்தது. 'எட்டு' என்று சொல்ல அரை மூச்சு போதும்; அந்த அரை மூச்சுதான் வரவில்லை. மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைத்ததும், மீதியை அப்படியே விழுங்கிவிட்டுக் கேடயத்துக்குக் கை நீட்டினார்.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"ஏழு இல்லண்ணே, எட்டு." குரலில் கோபம்கூட இல்லை. "அந்த எட்டாவது ஆளுக்கு வேலை போன எடத்துலதான் இருபத்தஞ்சு வருஷமா நான் பெருக்கிட்டிருக்கேன்."