வளையத்தில் விழுந்த தோட்டாக்கள்

என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் இரும்பு அச்சை வைத்திருக்கிறேன். கைக்கு அடக்கமான உருளை, நடுவே வழவழவென்று ஒரு துளை. அதன் ஜோடியாக ஒரு பித்தளை வளையம். வருகிறவர்கள் மோட்டார் சாமானா என்று கேட்பார்கள். சுட்டதும் தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பிப்போகும், அதைப் பழைய அளவுக்கு இறுக்கி மறுபடி வெடிமருந்து நிரப்புவதற்கான அச்சு என்று சொன்னால், ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் இதற்கென்ன வேலை என்பதுபோல் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். இது என் மதினி பார்த்து எடுத்த அச்சு. இதை வைத்துத்தான் அவள் தன் தோப்பைக் காப்பாற்றினாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. தாமிரபரணிக் கரையில் பிறந்து, தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். அவளுடைய அப்பா காலமானதும் ஒரே மகளான அவளுக்கு ஒரு வாழைத்தோப்பும் ஒற்றைக் குழல் துப்பாக்கியும் வந்தன. லைசென்ஸ் அவள் பெயருக்கே மாறியது. அப்பாவோடு தோப்புக்குப் போய்ச் சின்ன வயதிலேயே சுடப் பழகியவள்தான், ஆனாலும் ஊர் வாயைப் பிளந்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கடையில் புதுத் தோட்டா மருந்துக்குக்கூடக் கிடையாது. உடைமரக் காட்டிலிருந்து பன்றிகள் இறங்கி வாழைக் கிழங்கைத் தோண்டித் தோண்டித் தின்றன. அவளுடைய பெரியப்பா மகனுக்குத் தோப்பின் மேல் நெடுநாளாக ஒரு கண். பொம்பளையால் ஆகாத காரியம், என்னிடம் விட்டுவிடு என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவிட்டார். பொங்கலுக்குள் பன்றியை அடக்காவிட்டால் தோப்பு அவர் கைக்குப் போகும் என்று முடிவாயிற்று. மதினி சரியென்று தலையாட்டிவிட்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாளே துப்பாக்கிக் கடைக்குப் போனோம், அண்ணனும் நானும் அவளுமாக. அவள் கைப்பையில் அப்பா சுட்டுப் போட்ட வெறும் கூடுகள் கிடந்தன. கூடவே அவர் சுடாமல் விட்டுப்போன கடைசித் தோட்டா ஒன்று. கடைக்காரர் பலகையில் பொருத்திய பெரிய செட் ஒன்றைத் தூக்கி வைத்தார். நீளக் கைப்பிடி, பளபளக்கும் அச்சுகள், துரைமார் வாங்குகிற சாமான் என்ற பெருமைப் பேச்சு வேறு. அண்ணன் அந்தக் கைப்பிடியை விடவே இல்லை. மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: இதில் என் துப்பாக்கிக்கு உள்ள அச்சு எது? தேடிப் பார்த்தால் அது மட்டும் இல்லை, எல்லாம் ரைபிளுக்கு உள்ளவை. கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூலையில் கிடந்த இரண்டு சாதா அச்சுகளை எடுத்துப் போட்டார்.

இரண்டிலும் அவள் துப்பாக்கிக்கு உள்ள அதே நம்பர்தான் பொறித்திருந்தது. முதல் அச்சில் அவளுடைய உப்பிய கூடு தாராளமாகப் போய்விட்டு வந்தது. “உப்பினதே சும்மா போயிட்டு வருது, இது எதை இறுக்கப் போவுது?” என்று தள்ளி வைத்தாள். இரண்டாவதில் கூடு அடிப்பக்கம் வந்ததும் நின்றது. மரச் சுத்தியல் வாங்கித் தட்டி இறக்கி, வெளியே எடுத்து, அப்பாவின் கடைசித் தோட்டாவோடு சேர்த்து நிறுத்தி விரலால் தடவிப் பார்த்தாள். இம்மியும் வித்தியாசம் இல்லை. அதையே எடுத்தாள். சரி பார்க்க ஒரு வளையமும் அதோடு வந்தது. அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது.

அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவன் சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கிறவன். அங்கேயும் ஒரு வளையம் உண்டு. அதில் நுழைந்து விழுகிற சங்கு சின்னது, வளரட்டும் என்று கடலுக்கே திரும்பப் போய்விடும். விழாமல் நிற்பதுதான் சரக்கு. வீட்டு முற்றத்தில் கூடுகளை அச்சில் அடித்து இறக்கி, வளையம் வைத்துப் பிரிக்கிற வேலையை அவன் ஏற்றுக்கொண்டான். மதினி அவனுடைய பீடியைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து, அவன் எடுத்துக் கொடுத்ததில் அளவு பார்த்து மருந்தும் ஈய ரவையும் நிரப்பினாள். நான் மேலே வைத்து அடைக்க அட்டை வெட்டிக் கொடுத்தேன். மூன்று பேருக்கும் அப்படி ஒரு உற்சாகம்.

பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ், தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைக்கு அப்பால் எங்களை இறக்கித் தள்ள வைத்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா மகன் தோப்பு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மதினி துப்பாக்கியைத் திறந்து ஒரு தோட்டாவைப் போட்டாள். பாதியில் நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது. எதுவுமே உள்ளே போகவில்லை.

“தோட்டா போடவே துப்பில்ல. இதுல பன்னி சுடப் போறாளாம்” என்று சிரித்தார் அவர். அண்ணனாவது சும்மா இருந்தானா? அந்தக் கைப்பிடி வைத்த செட்டை வாங்கியிருக்கலாம் என்று முணுமுணுத்தான். கூடப் பிறந்தவன் என்றும் பார்க்காமல் அவன் மண்டையில் ஒன்று போடலாம் போல இருந்தது எனக்கு.

மதினி பையிலிருந்து வளையத்தை எடுத்தாள். ஒரு தோட்டாவை வளையத்தில் விட்டாள். நின்றது. அடுத்ததும் நின்றது. மெல்ல நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

“வளையத்துல விழுந்ததை எல்லாம் என்ன செஞ்சீங்க?”

“அது கழிவுல்லா? பாத்திரக் கடையில எடைக்குப் போடலாம்னு தனியா கட்டி வச்சிருக்கேன்.”

“விழுந்தாத்தானே துப்பாக்கிக்குள்ள போகும்! இதென்ன சங்கா, கடல்ல விட்டு வளக்க?”

அண்ணன் பைக்குள் கைவிட்டுத் துழாவினான். அச்சில் முழுதாக இறங்காமல் தடித்தே இருந்த கூடுகளைப் பொறுக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, சரியாக இறங்கியவற்றைக் கழித்துக் கட்டியிருக்கிறான் மனுஷன்! நல்லவேளை, எதையும் வீணாக்காத அவன் குணத்தால் அந்த மூட்டையும் பைக்குள்ளேயே வந்திருந்தது. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மதினி சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து, தடித்த தோட்டாக்களைப் பிரித்து அந்த மருந்தையும் ரவையையும் இந்தக் கூடுகளில் நிரப்பினாள்.

விடிகிற நேரத்துக்குப் பன்றிகள் இறங்கின. முதல் தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெடித்ததும் முன்னால் வந்த பெரிய தடியன் பன்றி அப்படியே சாய்ந்தது. இரண்டாவது வெடிக்கு மற்றவை காட்டைப் பார்த்து ஓடின. சத்தம் கேட்டு ஊரே திரண்டது. பெரியப்பா மகனும் வந்து நின்றார். மதினி துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, பன்றியை ஒரு கம்பில் கட்டச் சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரிடம் சொன்னாள்: “அண்ணாச்சி, கனமா கெடக்கு. கம்போட அந்த முனையை நீங்க பிடிங்க.”

பிடித்தார். ஊர் பார்க்க, வழி முழுக்கச் சுமந்தார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் வந்ததில்லை.

மதினி இப்போது இல்லை. தோப்பு அவள் மகளிடம் இருக்கிறது. நேற்று அங்கிருந்து ஒரு தார் வந்து இறங்கியிருக்கிறது, வீடெல்லாம் பழ வாசனை. அச்சுக்குள் நான் போட்டு வைத்திருக்கும் பழைய கூடு ஒன்றை எடுத்து, வளையத்தைத் தூக்கிப் பிடித்து அதில் விடுகிறேன். தங்காமல் நுழைந்து மேஜையில் ணங்கென்று விழுகிறது. நல்ல சரக்கு, மதினி.